மாங்கனைட் படலத்தை அளந்த அனுபவம்

ஆய்வுப் படிப்பில் எனக்கு வாய்த்த பொருள் லாந்தனம் கால்சியம் மாங்கனைட். சுமார் 250 கெல்வினுக்குக் கீழே அது காந்தமாகவும் இருக்கும், உலோகம் மாதிரி மின்சாரத்தையும் கடத்தும். அதற்கு மேலே போனால் இரண்டு குணமும் சேர்ந்தே போய்விடும். காந்தப்புலம் வைத்ததும் இதன் மின்தடை ஆயிரம் மடங்குக்கு மேல் சரிவதை 1994-இல் மென்படலத்தில்தான் கண்டார்கள்.

248 நானோமீட்டர் லேசர், அதே பொருளால் ஆன டார்கெட் கட்டியில் பட்டதும் ஒரு சுடர் கிளம்பும். எதிரே 700 டிகிரிக்குச் சூடேறியிருக்கும் ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் வில்லையில் படலம் படியும். பார்க்க வருகிறவர்கள் அந்தச் சுடரோடு திரும்பிவிடுவார்கள். எனக்கு முக்கியமான வேலை அப்புறம்தான்: கலத்துக்குள் ஆக்சிஜனை நிரப்பி, மெல்ல ஆறவிடுவது. ஒரு மாங்கனீசிலிருந்து அடுத்ததற்கு எலக்ட்ரான் ஆக்சிஜன் வழியாகத்தான் தாவும். அந்தத் தாவல்தான் காந்தத்தையும் கடத்தலையும் பிணைக்கிறது என்று 1951-லேயே இயற்பியலாளர் ஸீனர் விளக்கியிருக்கிறார். ஆக்சிஜன் குறைந்தால் இரண்டுமே கெடும்.

காந்த அளவீட்டை முதலில் முடித்துவிடுவேன், மின்கம்பிகளை ஒட்டும் சில்வர் பேஸ்ட் படுவதற்கு முன்பே. வில்லையின் தடிமன் அரை மில்லிமீட்டர், படலம் 50 நானோமீட்டர். பத்தாயிரத்தில் ஒரு பங்கு! வில்லையின் எதிர்க்காந்தம் (வைத்த புலத்துக்கு எதிராகத் திரும்பும் சிறு காந்தத்தன்மை) வரைபடத்தில் கீழ்நோக்கிச் சாயும் நேர்கோடாக வரும். அதைக் கழித்தால்தான் படலத்தின் வளையம், அதாவது புலத்தை ஏற்றி இறக்கும்போது அதன் காந்தத்தன்மை வரையும் கோடு, தெரியும். எஃகு இடுக்கியால் வில்லையைத் தொடவே கூடாது. விளிம்பில் ஒட்டும் இரும்புத் துகளே பொய்க் காந்தம் காட்டப் போதும். பிளாஸ்டிக் இடுக்கிதான் சரி.

மின்தடைக்கு நான்கு புள்ளிகள். வெளி இரண்டில் மின்னோட்டம், உள் இரண்டில் மின்னழுத்தம். தொடுமுனைகளின் தடை கணக்கில் சேராது. திரவ நைட்ரஜனே போதும். குளிரக் குளிர மீட்டரில் எண் ஏறிக்கொண்டே போகும். ஓரிடத்தில் தயங்கும். அப்புறம் மடமடவென்று இறங்கும். காந்தம் தலைகாட்டும் வெப்பநிலைக்குப் பக்கத்திலேயே அந்த உச்சி வந்து நின்றது, எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு படலத்தை வேண்டுமென்றே குறைந்த ஆக்சிஜனில் ஆறவிட்டேன். உச்சி நன்றாகக் கீழிறங்கியது, மின்தடையும் கூடியது. அதையே ஆக்சிஜன் ஓட்டத்தில் மறுபடி சூடாக்கி அளந்தபோது உச்சி மேலேறி வந்தது.