நைரோபி – ஜோகன்னஸ்பர்க்: தூரமும் நேரமும்

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யப் போன முன்னோர்களின் கப்பல் பயணங்களை இன்றும் விரிவாகச் சொல்லத் தெரிந்த எங்கள் செட்டிநாட்டு வீடுகளில், ஆப்பிரிக்காவின் தூரம் மட்டும் இன்னும் பழகவில்லை. என் தம்பி மகன் கென்யாவின் நைரோபியில் கணக்கு வேலை பார்க்கிறான். அலுவல் காரணமாகத் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்குக்குப் போய்வருகிறான். “ஒரே கண்டந்தானே, பக்கத்துலதானே இருக்கும்?” என்று தேவகோட்டையில் இருக்கும் எங்கள் ஆத்தா கேட்பார்கள்.

பக்கம் இல்லை. இரு நகரங்களுக்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை நேர்கோட்டில் அளந்தால் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும். அப்படிச் சொன்னபின்தான் ஆத்தாவுக்கு அது பிடிபட்டது. தான்சானியா, சாம்பியா, ஜிம்பாப்வே எல்லைகளைக் கடந்து தரைவழியாகப் போனால் தூரம் இன்னும் பல நூறு கிலோமீட்டர் கூடும்.

விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதாகக் கணக்கிட்டால் மூன்றரை மணி நேரத்திற்குள் போய்ச் சேர வேண்டும். ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலே ஏறுவது, இறங்குமுன் வேகத்தைக் குறைத்து வரிசையில் காத்திருப்பது எல்லாம் சேர்ந்து நேரடி விமானத்திற்கே சுமார் நான்கு மணி நேரம் ஆகிறது. இரண்டு விமான நிலையங்களும் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேல் அமைந்தவை. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு என்பதால், மேலெழும்பத் தேவையான வேகத்தைப் பெற விமானம் கூடுதல் தொலைவு ஓட வேண்டும். இரண்டிலும் நான்கு கிலோமீட்டரைத் தாண்டும் ஓடுபாதைகள் இருப்பது அதனால்தான்.

வீட்டில் இருப்பவர்களைப் பெரிதும் குழப்புவது கடிகாரம். கென்யா நம்மைவிட இரண்டரை மணி நேரமும், தென்னாப்பிரிக்கா மூன்றரை மணி நேரமும் பின்தங்கியவை. காலை 7 மணிக்கு நைரோபியில் புறப்பட்டவன் ஜோகன்னஸ்பர்க்கில் 10 மணிக்கு இறங்குவதாகப் பயணச்சீட்டு காட்டும்போது மூன்று மணி நேரப் பயணம் என்று தோன்றும். திரும்பும்போது அதே வழி ஐந்து மணி நேரமாகத் தெரியும். நம் நேரத்திற்கு மாற்றிக்கொண்டால் 9.30க்குப் புறப்பட்டு 1.30க்கு இறங்குகிறான் என்பது தெளிவாகும். அதனால் எங்கள் வீட்டில் இந்திய நேரத்தை மட்டுமே எழுதி வைக்கிறோம்; வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள எல்லோரும் இப்படிச் செய்வது நல்லது என்பேன்.

இந்த இரு நகரங்களுக்கு இடையே நேரடி விமானம் கிடைப்பது ஒரு வாய்ப்பு. ஆப்பிரிக்காவின் பல நகரங்களுக்கு அது இல்லாததால், கண்டத்திற்குள்ளேயே போக வேண்டியவர்கள் வளைகுடா வழியாகவோ ஐரோப்பா வழியாகவோகூடச் சுற்ற நேர்கிறது. வான்வழியைத் தங்களுக்குள் திறந்துவிட 1999இல் ஐவரி கோஸ்ட்டின் யாமுசுக்ரோ நகரில் ஆப்பிரிக்க நாடுகள் முடிவெடுத்தன. அதை நடைமுறைப்படுத்துவதற்கான ஒற்றை வான்போக்குவரத்துச் சந்தைத் திட்டம் 2018இல்தான் தொடங்கப்பட்டது. இத்தனை ஆண்டுத் தாமதத்தின் விலையைப் பயணிகள்தான் தம் நேரத்தாலும் பணத்தாலும் கொடுத்துவருகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

புறப்படுவோர் ஒன்றை மறக்கக் கூடாது. கென்யாவிலிருந்து வருவோரிடம் தென்னாப்பிரிக்கா மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்கும். முதன்முறை ஊசி போட்டுக்கொண்டவருக்குப் பத்து நாள் கழித்தே அது செல்லுபடியாகும். நான்கு மணி நேரப் பயணம்தானே என்று கடைசி வாரத்தில் ஏற்பாடு செய்தால் இங்கேதான் தடைபடும்.