லண்டன் தூரமில்லை, தேவனஹள்ளிதான் தூரம்

லண்டனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு நேற்றுதான் கிருஷ்ணகிரி வந்து சேர்ந்தேன். போகும்போது ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போன டாக்சிக்காரர் மேல் இருக்கும் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பெங்களூரிலிருந்து லண்டனின் ஹீத்ரோ ஏர்போர்ட் ஏறக்குறைய 8,000 கிலோமீட்டர். நேர் விமானத்தில் பத்தரை, பதினொரு மணி நேரம். எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். நம்ம ஊர்க்காரர்கள் முதலில் கேட்க வேண்டியது தேவனஹள்ளியில் இருக்கும் பெங்களூரு ஏர்போர்ட்டுக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு காசு என்பதைத்தான். சுமார் 125 கிலோமீட்டர். ஓசூர் வரை பறந்தோம். அத்திப்பள்ளி தாண்டியதும் வண்டி ஊர ஆரம்பித்தது, பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பில் நின்றே போனது.

பேசியது 3,500 ரூபாய். ஏர்போர்ட் வாசலில் இறங்கியதும் "டோல் தனி, கர்நாடகா பர்மிட் தனி" என்று இன்னும் 1,200 கேட்டார். கொடுக்கும் வரை டிக்கியைத் திறக்கவில்லை. பகல் கொள்ளை! வண்டி பேசும்போதே டோல், பர்மிட், பார்க்கிங் எல்லாம் சேர்த்துத்தானா என்று கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாவட்டத் தலைநகரம் என்று பேர், கிருஷ்ணகிரிக்கு ஒரு ரயில் நிலையம் கிடையாது. ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் சட்டசபையில் அறிவித்தார்கள். ஆனால் பெங்களூரு ஏர்போர்ட்டைச் சுற்றி 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை புதிதாக வரக்கூடாது என்ற ஒப்பந்தம் குறுக்கே நிற்கிறது. சீக்கிரம் பேசித் தீர்க்கட்டும், இங்கிருந்து வெளிநாடு போகிறவர்கள் கொஞ்சநஞ்சமா?

விமானத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது முன்சீட்டின் பின்னால் இருக்கும் திரைதான். போகும்போது வேகம் மணிக்கு 850 கிலோமீட்டரை ஒட்டியே நின்றது. திரும்பும்போது ஆயிரத்தைத் தொட்டது! அந்த உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசுகிறது. போகும்போது எதிர்க்காற்று, வரும்போது அதுவே முதுகைப் பிடித்துத் தள்ளுகிறது. அதனால் வருகிற பயணம் ஒரு மணி நேரம்போலக் குறையும்.

வரும்போது டாக்சி பக்கமே போகவில்லை. வாயு வஜ்ரா என்ற ஏர்போர்ட் பஸ்ஸில் சில்க் போர்டு, அங்கிருந்து கிருஷ்ணகிரி பஸ். ஐநூறு ரூபாய்கூட ஆகவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பெட்டியோடு நேரே மெஸ்ஸுக்குள் நுழைந்தேன். ஆவி பறக்கும் ராகிக் களி, நடுவில் குழி பண்ணி அதில் கொள்ளுக் குழம்பு, பக்கத்தில் பச்சை வெங்காயம். விரல் சுட்டாலும் கையை எடுக்க மனசு வரவில்லை. விமானத்தில் கொடுத்த சவசவ பாஸ்தாவுக்குப் பிறகு இது அமிர்தம்.

அப்புறம் ஒன்று. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். லண்டன் நமக்குக் கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம் பின்னால். காலை ஏழுக்குக் கிளம்பி மதியம் ஒன்றுக்கு இறங்கும் என்று பார்த்துவிட்டு, ஆறு மணி நேரம்தானே என்று மாத்திரை, ஸ்வெட்டரை எல்லாம் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.