மந்திறவாதியின் தொப்பி ஏற்காடு ஏறும்போது

‘டிஸ்க்வேர்ல்ட்’ என்ற நகைச்சுவை மாயக்கதை நாவல்களை எழுதிய ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராட்செட். அவர் வாசகர்களின் டிஸ்க்வேர்ல்ட் மாநாடு 1996இல் மான்செஸ்டரில் தொடங்கியது. பிரிட்டனில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிறது. மேடை வேஷப்போட்டிதான் அதன் உயிர். ஏற்காட்டில் இருபது முப்பது பேர் கூடி அதேபோல் செய்யலாம். ஆனால் அங்குள்ளதை அப்படியே தூக்கி வந்தால் பாதிச் சிரிப்பு அடிவாரத்திலேயே நின்றுவிடும்.

முதலில், அந்தக் கதைகளில் வரும் மந்திரவாதி ரின்ஸ்விண்டின் தொப்பி. தன் தொழிற்பெயரையே பிழையாக எழுதித் தலையில் வைத்துக்கொள்ளும் ஆள் அவன். ‘Wizard’ என்பதில் ஒரு இசட் போதாதென்று இரண்டு போட்டிருப்பான். தமிழில் ‘மந்திறவாதி’ என்று வல்லின றகரம் போடுங்கள். எழுத்தைக் கூட்டி ‘மந்திரவ்வாதி’ என்றால் அச்சுப்பிழையாகத்தான் படும். ர, ற குழப்பம் நம் சுவரெழுத்திலேயே இருப்பதால் பார்த்ததும் சிரிப்பு வரும்.

சார்ட் பேப்பர் கூம்பு ஏற்காட்டு மூடுபனியில் ஒரு மணி நேரத்தில் தொங்கிவிடும். சட்டைக் காலருக்குள் தையல்காரர் வைக்கும் பக்ரம் துணி வாங்குங்கள். 40 செ.மீ. ஆரத்தில் கால் வட்டம் வெட்டினால் அடிச்சுற்று ஏறக்குறைய 63 செ.மீ. வரும். மூட்டித் தைக்க 4, 5 செ.மீ. போனால் 58 செ.மீ. தலைக்குச் சரி. அரை வட்டம் வெட்டினால் தொப்பி தோளில் வந்து உட்காரும். எழுத்துக்குச் சமிக்கியை ஒட்டாமல் தைத்துவிடுங்கள். வெள்ளைப் பசை ஈரத்தில் இளகும்.

அடுத்தது ‘மரணம்’ என்ற பாத்திரம். இதில்தான் எல்லோரும் சறுக்குவது. மீசை வைத்து, பாசக்கயிறு கொடுத்து எமனாக்கிவிடுகிறார்கள். பிராட்செட் படைத்த மரணம் மிரட்டாது. பூனைப் பிரியர், மரியாதையானவர், மனிதர்களைப் பார்த்துக் குழம்புகிறவர். மண்டையோடு, கறுப்பு அங்கி, நீளப்பிடி அரிவாள் போதும். அரிவாளைத் தகரத்தில் செய்யாதீர்கள், பஸ்ஸில் அடுத்தவர் கண்ணில் குத்தும். ஃபோம் ஷீட்டில் வெட்டி, பிடியை இரண்டு துண்டாகக் கழற்றிக்கொள்ளும்படி வையுங்கள். மண்டையோட்டுக்குக் காகிதக்கூழ் பிசைந்தால் பசையில் மயில்துத்தம் சேர்க்க வேண்டாம். புத்தகம் பைண்டு செய்ய அது நல்லது, பூச்சி வராது. முகத்தில் மாட்டுவதற்கு விஷம்.

குரல்தான் பெரிய சிக்கல். ஆங்கிலத்தில் அவர் பேச்சு முழுக்கப் பெரிய எழுத்துகளில், மேற்கோள் குறி இல்லாமல் அச்சாகும். நமக்குப் பெரிய எழுத்தே கிடையாது. தடித்த எழுத்தில் அச்சிட்டாலும் மேடையில் அது காதில் விழாது. வழி ஒன்று உண்டு: மற்ற எல்லோரும் சேலத்துப் பேச்சுத்தமிழ் பேசட்டும், மரணம் மட்டும் சுத்த எழுத்துத்தமிழ் பேசட்டும். “வந்துட்டீங்களா?” என்று ஒருவர் கேட்க, “வந்துவிட்டேன்” என்று நிறுத்தி நிதானமாக வரும் பதிலிலேயே அரங்கம் அடங்கிவிடும். மைக்கில் எக்கோவைக் கால்வாசிக்கு மேல் ஏற்றாதீர்கள். ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிடும்.

கதையில் வரும் கால் முளைத்த பயணப்பெட்டிக்கு இரும்பு டிரங்கு வேண்டாம், கனம். கெட்டி அட்டைப்பெட்டி, அடியில் 2 அங்குலச் சக்கரம் நான்கு, பக்கத்துக்கு எட்டுக் கால். பழைய சாக்ஸில் பஞ்சு மட்டும் அடைத்தால் துவளும். உள்ளே அரை அங்குல பிவிசி பைப் செருகுங்கள். கால்கள் தரையிலிருந்து ஒரு விரல்கடை மேலே நிற்கட்டும். தரையைத் தொட்டால் மடங்கிச் சக்கரத்தில் சிக்கும். ஏற்காட்டுச் சரிவில் கயிற்றை விட்டால் பெட்டி தானாக ஓடும். கதையிலும் அது அப்படித்தான்!

ரசிகர்களின் நாள் மே 25. அன்று லைலாக் என்ற இளம் ஊதாப் பூ அணிவது வழக்கம். அது இங்கே கிடைக்காது. மே மாதத்தில் பூக்கும் பூமருது நிறத்தில் நெருங்கி வரும். பறித்தால் சீக்கிரம் வாடும், ஈரத்துணியில் சுற்றி வந்து கடைசி நிமிஷத்தில் குத்துங்கள். ஆனால் மே என்றால் கோடைச் சீசன்: அறை வாடகை ஏறும், கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி நகராது. அந்த நாளைச் சேலத்திலேயே ஒரு மாலையாக முடித்துக்கொண்டு, மலைக் கூட்டத்தை ஜனவரிக்குத் தள்ளுவதே என் கட்சி.

கதையில் மட்டமான சாசேஜ் விற்கும் தெரு வியாபாரி டிப்ளர். அந்த வேஷக்காரர் கழுத்துத் தட்டில் சாசேஜுக்குப் பதில் தட்டுவடை செட் விற்கட்டும். தட்டுவடையைக் காற்றுப் புகாத டின்னில் ஏற்றுங்கள், பனியில் நமத்துவிடும். கேரட், பீட்ரூட் துருவல் தனியே, சட்னி தனியே. கேட்டபிறகு அடுக்கிக் கொடுக்க வேண்டும்; முன்னாலேயே அடுக்கினால் டிப்ளரின் சரக்கு மாதிரியே ஆகிவிடும்.