பசிபிக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பெகுவில் வெள்ளம் வந்தது

மியான்மரில், பெகு நகரத்துக்குத் தெற்கே எங்களுக்கு ஒன்பது ஏக்கர். மழைக்காலத்தில் நெல். அறுப்பு முடிந்ததும் வயலில் மிச்சமிருக்கும் ஈரத்திலேயே உளுந்து விதைத்துவிடுவோம்.

2023 ஜூன் 8 அன்று எல் நினோ தொடங்கிவிட்டதாக அமெரிக்காவின் கடல், வானிலை நிறுவனமான நோவா அறிவித்தது. பசிபிக் கடலின் நிலநடுக்கோட்டுப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஸ்பானிய மொழியில் நினோ என்றால் சின்னப் பையன். எல் நினோ வந்தால் பருவமழை குறையும் என்று எங்கோ படித்திருந்தேன். அப்பாவிடம் சொன்னேன். "பசிபிக் கடல் சுட்டா நம்ம வரப்புல என்னடா?" என்று கேட்டுவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். பதில் தெரிந்துகொள்ளவாவது பார்ப்போமே என்று அன்றிரவே ஒரு நோட்டு போட்டேன்.

நோவாவின் எல் நினோ அறிக்கை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது வியாழக்கிழமை வரும். நம் நேரப்படி இரவு ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. கரண்ட் இருந்தால் அன்றே, இல்லையென்றால் மறுநாள். முதலில் பார்ப்பது நினோ 3.4 என்ற பகுதியின் கடல் வெப்பம். நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் ஐந்து பாகை, மேற்குத் தீர்க்கரேகை 120 முதல் 170 வரை உள்ள நீர்ப்பரப்பு அது. வழக்கத்தைவிட 0.5 டிகிரி கூடினால் கதை ஆரம்பம். ஒரே ஒரு மாதம் கூடிவிட்டால் போதாது; மூன்று மாதச் சராசரி தொடர்ந்து ஐந்து முறை அந்த அளவில் நின்றால்தான் அவர்கள் கணக்கில் அது முழு எல் நினோ. அப்புறம் காற்றழுத்தம். தாஹிட்டிக்கும் டார்வினுக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தை வைத்து ஒரு குறியீடு போடுகிறார்கள். கடல் எண் மேலே போனால் இது கீழே இறங்கும். நான் முதல் மாதம் கழித்தல் குறியைப் பார்த்து எல் நினோ போய்விட்டது என்றே எழுதி வைத்தேன்! நோட்டில் அந்த அடித்தல் இன்னும் இருக்கிறது.

என்னை அதிகம் குழப்பியது உலக வெப்பநிலை. 2023 ஜூலைக்கு ஐரோப்பாவின் காலநிலைச் சேவையான கோப்பர்நிக்கஸ் 0.72 டிகிரி அதிகம் என்றது. நோவா 1.12 என்றது. யாரோ ஒருவர் தப்பு என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் சரிதான். முதலாமவர் 1991 முதல் 2020 வரையான சராசரியோடு ஒப்பிடுகிறார், மற்றவர் இருபதாம் நூற்றாண்டு முழுமைக்குமான சராசரியோடு. எந்தச் சராசரியோடு ஒப்பிட்டது என்று பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்தால் இப்படித்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் "எதோடு ஒப்பிட்டது" என்று ஒரு கட்டம் போட்டுவிட்டேன்.

ஆகஸ்டில் ஒரு வேண்டாத வேலை செய்தேன். வயலின் வடிகால் வாய்க்காலைத் தூர் வார ஆள் பேசியிருந்தார் அப்பா. "இந்த வருஷம் மழை குறைவுதான்ப்பா, கூலி மிச்சம்" என்று நான்தான் தடுத்தேன். இந்தியாவில் 1901க்குப் பிறகு அவ்வளவு வறண்ட ஆகஸ்ட் இல்லை என்று செய்தி வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் உளுந்தில் பெரும்பகுதி போவது இந்தியாவுக்கு. அங்கே மழை பொய்த்தால் இங்கே மண்டியில் விசாரிப்பு கூடும். ஆக அந்த நோட்டு விலைக்கு உதவியது. வயலுக்கு?

அக்டோபர் இரண்டாம் வாரம் பெகு நகரமே தண்ணீருக்குள் இருந்தது. எல் நினோ ஆண்டுதான், அதே பக்கத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது. கதிர் வந்திருந்த நெல்லில் மூன்று ஏக்கர் முழுகியது. பக்கத்து வயல்காரருக்குத் தண்ணீர் வடிந்தும் எங்களுக்கு வடியவில்லை. வாய்க்கால் வாயெல்லாம் ஆகாயத்தாமரையும் சேறும். இடுப்பளவு தண்ணீரில் நின்று நானும் தம்பியும் கையாலேயே அள்ளினோம். அப்பா கரையில் நின்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஈரம் பதத்துக்கு வர நாளாகி, அந்த வருஷம் உளுந்தும் பிந்தித்தான் விதைத்தோம்.

மாத அறிக்கை பருவம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லும். எந்த இரவில் கொட்டும் என்று சொல்லாது. இதை அறிக்கையிலேயே சதவீதம் போட்டு எழுதியிருந்தார்கள், நான்தான் படமும் வண்ணமும் பார்த்துவிட்டுத் தாவியிருக்கிறேன். இப்போது சதவீதத்தை முதலில் எழுதுகிறேன். செப்டம்பர், அக்டோபரில் வங்கக் கடல் தாழ்வழுத்தச் செய்தியைத் தினமும் தனியாகப் பார்க்கிறேன். 2024 ஜூனில் எல் நினோ முடிந்ததாக அறிவிப்பு வந்தபோது, அந்த வரிக்குக் கீழேயே வாய்க்கால் தூர் வாரும் ஆளுக்குக் கொடுத்த முன்பணத்தையும் எழுதினேன்.

அப்பா நோட்டைத் திறந்து பார்ப்பதே இல்லை. ஆனால் இரண்டாவது வியாழன் இரவு சாப்பாடு முடிந்து வெற்றிலையை மடிக்கும்போது மட்டும் கேட்பார்: "அந்தப் பய என்ன சொல்றான்?"