பழைய சாக்ஸஃபோன் வாங்குகிறவர்களுக்கு

முதன்முதலாக எந்த அளவு சாக்ஸஃபோன் வாங்குவது என்று கேட்டால், ஆல்ட்டோ என்பேன். அதற்கு அடுத்த பெரிய அளவான டெனரைவிடக் கனம் குறைவு. சொப்ரானோ சிறியதுதான், ஆனால் புதியவர்களுக்கு அதில் சுருதி நிற்பது பெரும்பாடு.

பளபளப்பை நான் பார்ப்பதே இல்லை. மேல்பூச்சு உரிந்திருந்தால் உரியட்டும். பார்க்க வேண்டியது துளைகளை மூடும் பேட்களை. தோல் கிழிந்தோ காய்ந்து விறைத்தோ போயிருந்தால் காற்று கசியும். கழுத்துக் குழாயைக் கழற்றி, இருட்டில் உடற்குழலுக்குள் சிறு விளக்கை இறக்கி, சாவிகளை மெல்ல மூடிப் பாருங்கள். மூடிய பிறகும் விளிம்பில் வெளிச்சம் தெரிந்தால் அங்கே கசிவு. விளக்கு இல்லையா? கீழ் பி ஃப்ளாட்டை மெதுவாக ஊதுங்கள். எல்லாத் துளைகளும் மூட வேண்டிய சுரம் அது. எங்கே கசிந்தாலும் திணறும். உரக்க ஊதினால் குறை மறைந்துவிடும் (விற்பவர்கள் உரக்கத்தான் ஊதிக் காட்டுவார்கள்!).

அப்புறம், கழுத்துக் குழாயைப் பக்கவாட்டில் பாருங்கள். இயல்பான வளைவைவிடக் கீழ்நோக்கி வளைந்து வயிறு தள்ளியிருந்தால் நான் தொடமாட்டேன்.

பேட்களை மொத்தமாக மாற்றும் செலவு மலிவான கருவியின் விலையையே தாண்டலாம். அதனால் பழுதுபார்ப்பவரிடம் கேட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள். வாயில் வைத்து ஊதும் பகுதியான மவுத்பீஸ் நல்லதாக வாங்கவும் கொஞ்சம் பணம் ஒதுக்கி வையுங்கள்.