640 கேபிக்குள் ஒரு குடித்தனம்

டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய பிசி இயங்குதளம்) காலத்தில் நினைவகத்தை நாமேதான் பங்கு பிரிக்கணும். முதல் ஐபிஎம் பிசியின் 8088 சிப்புக்கு எட்டியது 1 எம்பி. மேலே 384 கேபி திரைக்கும் பயாஸுக்கும் (மெஷினைத் துவக்கும் உள்நிரல்) போக நிரல்களுக்கு மிச்சம் 640.

பின்னால் வந்த 386 மெஷின்களில், டாஸ் துவங்கும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ் கோப்பில் முதலில் ஹைமெம்.சிஸ், அப்புறம்தான் இஎம்எம்386 (இரண்டும் நினைவக மேலாளர்கள்). வரிசை மாறினால் பின்னது ஏறாது. அது கேட்கும் எக்ஸ்எம்எஸ் (1 எம்பிக்கு மேலுள்ள) நினைவகத்தைக் கொடுப்பதே ஹைமெம்தான். இஎம்எம்386 வரியில் கூடவே 'நோஇஎம்எஸ்' போட்டால் மேலே உள்ள 384 கேபியில் இன்னும் 64 கேபி தேறும். 'டாஸ்=ஹை,யுஎம்பி' வரியை மறந்தால், மேலே ஏற்றச் சொல்லும் லோட்ஹை கட்டளையைக் கொடுத்தாலும் மவுஸ் டிரைவர் கீழே 640-லேயே சட்டமாக உட்காரும் (திட்டிப் பயனில்லை). 'மெம் /சி' அடித்தால் யார் எவ்வளவு தின்றார்கள் என்று தெரியும்.

யூனிக்ஸ் இயங்குதளம் நேரெதிர்: நிரலை வன்பொருள் பக்கமே விடாது. டாஸில் ஒரு நிரல் தடுமாறினால் மொத்த மெஷினும் படுத்துவிடும். இருந்தாலும், எல்லாம் நம் கையில் என்கிற அந்த மிதப்பு யூனிக்ஸில் வராது.