நகைச் சிட்டையும் விவாகரத்து மனுவும்

சென்னையிலோ பெங்களூரிலோ குடித்தனம் நடத்திய தம்பதியின் விவாகரத்து வழக்கு காரைக்குடிப் பக்கம் ஏன் வருகிறது என்று வெளியூர் வக்கீல் நண்பர்கள் கேட்பதுண்டு. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுதான் காரணம். கல்யாணம் எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊருக்கு அதிகாரம் உள்ள நீதிமன்றத்திலும் மனுப் போடலாம். செட்டிநாட்டுக் குடும்பங்கள் பிழைப்புக்கு எங்கே போனாலும் கல்யாணத்தைப் பெரும்பாலும் பூர்வீக வீட்டில்தான் வைக்கிறார்கள். அதனால் வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டு முகவரி, மனுவின் முதல் பக்கத்தில் வந்து நிற்கிறது.

பல ஆண்டுகளாக இந்தப் பக்கத்தில் குடும்ப வழக்குகளை நடத்தி வருகிறேன். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் பேசுவது யார் மேல் தப்பு என்பதைத்தான். வலியோடு வந்திருப்பவர்களிடம் அதைக் கேட்காமல் இருக்க முடியாது. ஆனால் அடுத்த இருபது வருடம் அவர்கள் எப்படி வாழப்போகிறார்கள் என்பதைத் தீர்மானிப்பவை வேறு விஷயங்கள். நகை யார் கையில் இருக்கிறது, வீட்டுக்கடனில் யார் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், பிள்ளையின் காலேஜ் ஃபீஸை யார் கட்டப்போகிறார்கள் என்பவை. இவற்றைக் கேட்டால் “அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் வக்கீலம்மா, முதல்ல இதுலேர்ந்து விடுதலை வாங்கிக் குடுங்க” என்பார்கள். அந்த அப்புறம் வருவதே இல்லை. தீர்ப்பு கைக்கு வந்துவிட்டால் எதிர்த்தரப்புக்கு உங்களோடு உட்கார்ந்து பேச வேண்டிய தேவை போய்விடும். கணக்கு முடியாமல் கடைசிக் கையெழுத்தைப் போடாதீர்கள் என்பதுதான் இத்தனை காலத்தில் நான் மிக அதிகமாகச் சொன்ன வாக்கியம்.

மனைவியின் பணத்தைத் தனியாக எழுதி வைப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் லேவாதேவி செய்த நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கணக்குகளில் ‘ஆச்சிமார் பணம்’ என்று ஒரு தலைப்பு உண்டு. பெண்கள் கொண்டுவந்த சீதனப் பணம் தொழிலில் போடப்பட்டாலும், அது அவர்கள் பணமாகவே கணக்கில் நிற்கும். கல்யாணமானதும் மகனையும் மருமகளையும் ‘வேறு வைப்பார்கள்’. ஒரே வளவுக்குள், அதாவது ஒரே வீட்டுக்குள் இருந்தாலும் அடுப்பு தனி, செலவுக் கணக்கும் தனி. இவ்வளவு கறாராக எழுதி வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று கல்யாணத்துக்கு மூன்று கேமரா வைத்து வீடியோ எடுக்கிறார்கள். நகைக்கு ஒரு தாள் எழுதி வைப்பதில்லை. கழுத்துரு என்கிற எங்கள் பக்கத்துத் தாலி வீடியோவில் தெரியும். எத்தனை கிராம் என்பது தெரியாது.

ஒரு வழக்கு நினைவில் நிற்கிறது. அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். “நகையே இங்கே வரவில்லை, எல்லாம் அவர்கள் லாக்கரில்தான் இருக்கிறது” என்று பையன் வீட்டார் எதிருரையில் எழுதிவிட்டார்கள். பெண்ணின் ஆயா, அதாவது பாட்டி, ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்தார். அதுதான் நகைச் சிட்டை. ஒவ்வொரு உருப்படிக்கும் பெயர், எடை, எந்தக் கடையில் வாங்கியது, யார் போட்டது என்று வரிசையாக இருந்தது. கடைசிப் பக்கத்தில், கல்யாணச் சீர்களைப் பார்வைக்கு வைத்துச் சாமான் பரப்பிய அன்று இரு வீட்டுப் பெரியவர்களும் போட்ட கையெழுத்து. அதை நான் சமரச மையத்தில் எடுத்து வைத்த பிறகு பேச்சே மாறிவிட்டது. நகை இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி போய், எப்போது எந்த இடத்தில் திருப்பித் தருவது என்ற கேள்வி வந்தது.

1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சீதனம் மனைவியின் சொந்தச் சொத்து; கணவனோ மாமியாரோ அதை வைத்திருந்தால் நம்பி ஒப்படைத்த பொருளாகத்தான் வைத்திருக்கிறார்கள். அதே 1985-இல் வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், கல்யாண அன்பளிப்புகளுக்குப் பட்டியல் எழுதி மணமக்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும் என்கின்றன. கையெழுத்து பெரியவர்களுடையது என்பதைத் தவிர, ஆயா செய்தது கிட்டத்தட்ட சட்டம் கேட்டதைத்தான். பட்டியலில் ரூபாயைவிட கிராமைத்தான் முக்கியமாக எழுத வேண்டும். 2005-இல் தங்கம் கிராம் ஆயிரம் ரூபாய்க்கும் கீழே இருந்தது. அன்றைய மதிப்பை எழுதி, அந்தத் தொகைக்கு இன்று சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால், பெண் தன் நகையில் பத்தில் ஒரு பங்கைக்கூட வாங்கியிருக்க மாட்டாள்.

இன்னொரு சிக்கல் நகைக்கடன். மனைவியின் நகையைக் கணவர் தன் பெயரில் அடகு வைத்திருப்பார். பேங்கைப் பொறுத்தவரை அடகு வைத்தவரிடம்தான் நகை திரும்பிப் போகும். ரசீதும் அவரிடமே இருக்கும். ஒப்பந்தத்தில் ‘நகைகளைத் திருப்பித் தர வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் போதாது. எந்த பேங்க், எந்தக் கிளை, எந்தக் கடன் எண், அசலும் வட்டியும் யார் கட்டி எந்தத் தேதிக்குள் மீட்பது என்பது வரை எழுத வேண்டும்.

பாத்திரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெண் பிறந்ததிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்த வெண்கலம், பித்தளை, பீங்கான், எவர்சில்வர். அது அம்மாவின் ஆயுள் உழைப்பு என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்காக இரண்டு வருடம் வாய்தா வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. மனசுக்கு நெருக்கமான சிலவற்றைக் குறித்துக் கேட்டு வாங்குங்கள். மற்றதை விட்டுவிட்டு வீட்டுக்கடனுக்கு வாருங்கள்.

“அவர் சொத்தில் எனக்குப் பாதி வருமில்லையா?” இந்தக் கேள்வியைப் பெண்கள் நம்பிக்கையோடு கேட்கிறார்கள். ஆண்கள் பயத்தோடு கேட்கிறார்கள். நம் சட்டத்தில் அப்படிப் பாதியாகப் பிரிக்கும் ஏற்பாடு இல்லை. பத்திரம் யார் பேரில், பணம் யார் போட்டது என்றுதான் பார்ப்பார்கள். சிங்கப்பூரில் திருமணக் காலத்தில் சேர்த்த சொத்தைப் பிரித்துத் தர நீதிமன்றத்துக்கே அதிகாரம் உண்டு. அங்கே இருந்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் அதிர்ச்சியாக இருக்கிறது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில் சேர்ந்த பங்களிப்புதான் என்று ஏற்றது. எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த தீர்ப்பு அது. ஆனால் அதை வைத்து எல்லாருக்கும் தானாகப் பாதி வந்துவிடும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

இருவர் பேரிலும் வாங்கிய சென்னை ஃபிளாட்தான் அதிகம் கண்ணீர் விட வைக்கிறது. ‘இனி கடனைக் கணவர் கட்டுவார்’ என்று ஒப்பந்தத்தில் எழுதி நீதிபதி முன்னால் கையெழுத்தும் ஆகிவிடும். பேங்க் அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு இல்லையே! தவணை நின்றால் நோட்டீஸ் இருவருக்கும் வரும். கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண் இருவருக்கும் குறையும். கடனை முடிப்பதோ, பேங்க் சம்மதத்தோடு ஒருவர் பேருக்கு மாற்றுவதோ, வீட்டை விற்றுப் பிரிப்பதோ முதலில் நடக்க வேண்டும். பத்திரத்துக்கும் காலம் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்குள், தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கும் சொத்தை எழுதிக் கொடுக்கும் செட்டில்மெண்ட் பத்திரத்துக்கும் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. கணவன் மனைவியாக இருக்கும்வரைதான் அந்தச் சலுகை.

பரஸ்பர சம்மத மனுவில் வரிசைதான் எல்லாம். இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவின்படி ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும். மனுப் போட்டு ஆறு மாதம் கழித்து இரண்டாவது தடவை வந்து சம்மதத்தை உறுதி செய்ய வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் அந்த ஆறு மாதத்தைத் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இடைப்பட்ட காலத்தில் யார் வேண்டுமானாலும் மனம் மாறலாம். அதனால் முழுத் தொகையையும் முதல் நாளே கொடுத்துவிடச் சொல்லமாட்டேன். முழுவதையும் தீர்ப்புக்குப் பிறகு என்று தள்ளவும் விடமாட்டேன். ஒரு பகுதி மனுப் போடும்போது, மீதி இரண்டாவது முறை வாக்குமூலம் கொடுக்கும் அன்று, டிமாண்ட் டிராஃப்டாக.

ஜீவனாம்சத்தில் ஆண்களுக்காகவும் பேச வேண்டியிருக்கிறது. சீக்கிரம் முடிந்தால் போதும் என்று தாங்க முடியாத தொகைக்குத் தலையாட்டிவிட்டு, பெற்றோரின் ஓய்வூதியப் பணத்தில் கைவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மறுபக்கம், சொந்தக் குடும்பத்துக் கடையிலேயே கணக்கெழுதும் சம்பளக்காரன் என்று காட்டிக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் வந்த தீர்ப்பு இந்த இரண்டுக்கும் மருந்து. இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும். அந்தப் படிவத்தைக் கட்சிக்காரரோடு உட்கார்ந்து வரிவரியாக நிரப்புவதற்கு எவ்வளவு நேரமானாலும் நான் ஒதுக்குகிறேன். பல வீடுகளில், மனைவிக்குக் கணவரின் பிஎஃப் பற்றியும், கணவருக்கு மனைவியின் சீட்டுப் பணம் பற்றியும் அப்போதுதான் தெரியவருகிறது.

பூர்வீக வீடு தனிக் கதை. பங்காளிகள் இருபது பேருக்குப் பொதுவான வீட்டில் மருமகளுக்கு என்ன உரிமை? 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், அவள் குடும்பம் நடத்திய வீட்டில் தங்கியிருக்கும் உரிமையைத் தருகிறது. வீடு மாமனார் பேரில் இருந்தாலும் அது பொருந்தலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. தங்கும் உரிமை பங்காகாது. ஆனால் பிள்ளைகளின் விஷயம் வேறு. பெற்றோர் பிரிந்ததால் பிள்ளைகளுக்குப் பூர்வீகச் சொத்தில் உள்ள உரிமை போகாது, பெண் பிள்ளையானாலும் சரி. ‘அம்மாவோட போன பிள்ளைக்கு இங்கே என்ன?’ என்று சில பெரியவர்கள் கோபத்தில் சொல்வார்கள். அந்தக் கோபத்தில் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிவிட்டால், பிள்ளை வளர்ந்த பிறகு அதை எதிர்த்து வழக்குப் போட முடியும். அதேபோல், பிள்ளைக்கு வரவேண்டிய ஜீவனாம்சத்தை அம்மா வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் அது பிள்ளையைக் கட்டுப்படுத்தாது.

இன்சூரன்ஸ் பாலிசி, பேங்க் டெபாசிட், மியூச்சுவல் ஃபண்ட் எல்லாவற்றிலும் நாமினி பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு வந்ததும் யாரும் போய் அதை மாற்றமாட்டார்கள். நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

கையில் காசில்லை என்று இதையெல்லாம் விட்டுவிடும் பெண்கள்தான் எனக்கு மிகவும் கவலை தருகிறார்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளில் மனு எழுதிக் கொடுத்தால் வக்கீலை நியமிப்பார்கள். போகும்போது கல்யாணப் பத்திரிகை, ஆதார், நகைக் கடை ரசீது, பேங்க் பாஸ்புக் நகல் இவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.